ஃபிரிட்ஜில் ஓடிய நோடு

“நான் ஒண்ணுமே பண்ணலைக்கா, தானா போயிடுச்சு.”

சர்வீஸ் பெஞ்சில் புதிதாக உட்கார வந்திருக்கும் நீங்கள் இந்த வாக்கியத்தை ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கேட்பீர்கள். கொரட்டூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த மொபைல் சர்வீஸ் கடையில் பூதக்கண்ணாடியும் சாலிடரிங் அயர்னுமாக நான் உட்கார்ந்திருந்த அத்தனை வருஷமும் கேட்டேன். கண் மங்கி, கை லேசாக நடுங்க ஆரம்பித்ததும் போன வருஷம் நானே கடைக்கு முழுக்குப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகும் விட்டார்களா? கீரை வாங்குகிற இடத்தில் என்னை அடையாளம் கண்டுபிடித்து, போனை நீட்டி இதையேதான் சொல்கிறார்கள். எந்தப் போனும் தானாகப் போவதில்லை. பாத்ரூம் வாளியில் விழுந்திருக்கும், இல்லை ஸ்கூட்டர் சக்கரம் ஏறியிருக்கும். கவுன்ட்டருக்கு வந்துவிட்டால் மட்டும் எல்லாருக்கும் பால் வடியும் முகம் வந்துவிடுகிறது.

ஸ்கிரீன் மாற்றுவதையும் பேட்டரி போடுவதையும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வீடியோ பார்த்தே பாதியைக் கற்றுக்கொண்டுதான் வருகிறீர்கள். எந்த வீடியோவிலும் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எதிரில் நிற்கிறவர் சொன்னது வேறு, உங்கள் காதில் விழுந்தது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில் நான் ஒரு தடவை விழுந்திருக்கிறேன். என்னோடு சேர்ந்து இன்னும் இரண்டு பேரும் விழப் பார்த்தார்கள்.

அதற்கு முன்னால் ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சர்வீஸ் கடைக்கு வருவதற்கு முன்பு நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் இருந்தேன். எனக்குப் பக்கத்து சீட்டுக்காரி என் வயதுதான். சூப்பர்வைசர் என்ன சொன்னாலும் அவள் வாயில் “சரி சார்” வராது. அவர் சொன்னதை அப்படியே அவருக்கே திருப்பிச் சொல்வாள். “ஏழாம் நம்பர் டிரேல இருக்கறத எடுத்து மூணாவது லைனுக்குக் குடுக்கணும், அதானே சார்?” என்பாள். அவர் கடுப்பாகி, “உனக்குக் காது கேக்காதாம்மா?” என்பார். “காது கேக்குது சார், நீங்க சொன்னதுதான் கேட்டுச்சான்னு பாக்கறேன்” என்பாள். மிஷின் சத்தத்தில் ஏழு என்பதை ஆறு என்று கேட்டு நாங்கள் நாலு பேர் ஒரு ஷிப்ட் முழுக்கத் தப்பான போர்டில் சாலிடர் வைத்து வாங்கிக்கட்டிக்கொண்ட அன்று, அவள் ஒருத்தி மட்டும் சரியான டிரேயை முடித்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அதை நானும் பிடித்துக்கொண்டேன். கஸ்டமர் சொன்னதைத் திருப்பிச் சொல்வேன், நான் சொன்னதை அவரைத் திருப்பிச் சொல்ல வைப்பேன். இதை வைத்தே நான் பெரிய ஆள் என்று ஒரு நினைப்பும் எனக்கு இருந்தது. அந்த நினைப்புக்கு வேட்டு வைத்த கதைதான் இது.

அக்னி நட்சத்திரம். பதினொரு மணிக்கே ஷட்டர் தொட்டால் சுட்டது. முதலாளி ஸ்பேர் வாங்க வெளியே போயிருந்தார். சேகர் வந்தார். வெள்ளானூர்க்காரர், தண்ணீர் கேன் போடுகிறவர். அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அங்கே பயிர் வைத்த குடும்பம். இப்போது மிச்சம் இருக்கிற இடத்தில் வீடு கட்டி, மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறார். எங்கள் கடைக்கும் அவர்தான் கேன் போடுவார் என்பதால் நல்ல பழக்கம். அன்று கேன் இல்லாமல், ஒரு துண்டில் எதையோ சுற்றிக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார்.

“யக்கா, இத கொஞ்சம் பாருக்கா. நான் ஒண்ணியும் பண்ணல. தானா பூட்ச்சு.”

துண்டைப் பிரித்தால் ஒரு பழைய போன். பின்மூடி புடைத்து நிற்கிறது. சார்ஜ் போடுகிற ஓட்டையில் இரண்டு அரிசி.

“அரிசில போட்டியா?”

“ஆமாக்கா. நல்ல அரிசிதான்.”

“அரிசி நல்லதா கெட்டதான்னு நான் கேட்டனா? தண்ணில விழுந்துச்சா?”

“தண்ணில எல்லாம் வுழல. ஃபிரிட்ஜுலதான் வச்சினு இருந்தேன்.”

கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன். பழக்க தோஷம், திருப்பிச் சொன்னேன். “போனை ஃபிரிட்ஜுல வச்ச.”

“சூடுக்கா. கை வைக்க முடியல. மாடில குடி கீறாரே மாரி தம்பி, அவுரு போனு. ஊருக்குப் போறப்ப, ‘அண்ணே, இதுல நோடு ஓடுது, அணையாம மட்டும் பாத்துக்குங்க’ன்னு எங்கையில குட்த்துட்டுப் போனாரு. இது இன்னாடான்னா நெருப்பு கணக்கா சுடுது. ஊட்ல புள்ளைங்க கீது. வெடிச்சி கிடிச்சி வச்சா? அதான் மாவு டப்பா பக்கத்துல வச்சேன். சார்ஜர் வயர கதவு இடுக்குல வுட்டுக்கினேன். ரெண்டு நாளு ஜம்முனு ஓடிச்சிக்கா.”

“என்ன ஓடுச்சு? நோட்டா?”

“நோட்டு இல்லக்கா. நோடு.”

“ரெண்டும் ஒரே மாதிரிதான் கேக்குது” என்று சொல்லிவிட்டு, பழுது எழுதுகிற ஜாப் ஸ்லிப்பில் ‘நோட்’ என்று எழுதினேன். இந்த இடத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நோடு என்றால் என்னவென்று எனக்கு ஏற்கெனவே தெரியும், ஏனென்றால் அந்தக் கோடையில் அது எனக்கு மூன்றாவது புடைத்த போன். கிரிப்டோ என்கிறார்களே, அந்தக் காசுக்கு பேங்க் கிடையாது. எந்தக் காசு யாருடையது என்பதை உலகம் பூராவும் இருக்கிற எத்தனையோ கம்ப்யூட்டர்கள் ஒன்றுக்கொன்று பேசிச் சரிபார்த்துக்கொண்டே இருக்கின்றன. அதில் ஒவ்வொன்றும் ஒரு நோடு. அதற்கென்று தனியாகக் கம்ப்யூட்டர் வாங்க மனம் வராத நம் ஆட்கள், டிராயரில் கிடக்கிற பழைய போனை எடுத்து அதில் ஓட்டுவார்கள். போன் இரவும் பகலும் சார்ஜில் கிடக்க வேண்டும், நெட் அறுந்துவிடக் கூடாது. ஏசி அறையில் உட்கார்ந்து எவனோ யோசித்ததை ஆவடிப் பக்கம் சிமென்ட் ஷீட் மாடியில் சித்திரை வெயிலில் செய்தால் பேட்டரி உப்பாமல் என்ன செய்யும்?

போன் செத்தாலும் அதில் இருக்கிற காசு சாகாமல் இருக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. முதன்முதலில் தொடங்கும்போதே போன் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களைக் காட்டும். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத சாதாரணச் சொற்கள். அவற்றை வரிசை மாறாமல் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லும். அந்தப் பன்னிரண்டும் இருந்தால் வேறு எந்தப் போனிலும் அடித்துக் காசை மீட்டுக்கொள்ளலாம். இல்லாவிட்டால் கோட்டை விட்ட மாதிரிதான். வேறு எவன் கையில் அந்தக் காகிதம் கிடைத்தாலும் காசு அவனுடையது.

“மாரிக்குச் சொல்லிட்டியா?” என்று கேட்டேன்.

சேகர் தரையைப் பார்த்தார். “காலைலேர்ந்து போன் மேல போன். கரன்ட் இல்ல தம்பின்னு சொல்லி வச்சிக்கீறேன்.”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. பழுதாக்கியவர் முதலில் செய்கிற வேலை மறைப்பது, அடுத்து அரிசியில் போடுவது, கடைசியாகத்தான் நம்மிடம் வருவது. போனை வாங்கிக் கையில் எடுப்பதற்கு முன்னால் அந்தப் போனுக்குச் சொந்தக்காரரிடம் பேசிவிடுங்கள். பேசாமல் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாதீர்கள். சேகரை விட்டே மாரிக்கு அடிக்க வைத்து, ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

“அண்ணே, கரன்ட் வந்துட்டா?” என்றது அந்தப் பக்கக் குரல். கோவில்பட்டிப் பக்கத்துப் பேச்சு.

சேகர் போனை என் பக்கம் தள்ளினார். நான்தான் பேசினேன். “தம்பி, கொரட்டூர்ல சர்வீஸ் கடைலேர்ந்து பேசறேன். உன் போன் செத்துப் போச்சு. ஃபிரிட்ஜுல இருந்திருக்கு.”

“எதுலக்கா?”

“ஃபிரிட்ஜுல. மாவு டப்பா பக்கத்துல.”

பின்னால் ஏதோ ஸ்ட்ரெச்சர் உருளுகிற சத்தமும் யாரோ பெயர் கூப்பிடுகிற சத்தமும் கேட்டன. ஆஸ்பத்திரி.

“அண்ணன் பக்கத்துல இருக்காகளா?” என்றார் மாரி. “அவுகள ஒண்ணும் சொல்லாதிய. சூடாவும்னு நான்தான் சொல்லிட்டு வந்திருக்கணும்.”

சேகர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது வேர்வை என்றே நானும் எடுத்துக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தேன்.

விஷயம் இதுதான். மாரிக்கு அம்பத்தூரில் ஐடி கம்பெனியில் வேலை. இரண்டு மாதத்துக்கு முன்னால் நூறு பேரோடு சேர்த்து அவரையும் அனுப்பிவிட்டார்கள். மனைவிக்குத் தலைப்பிரசவம், ஊரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். குழந்தை திரும்பவில்லை, சாயங்காலத்துக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும், பணம் கட்டுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கையில் இருந்தது தீர்ந்துவிட்டது. பிரசவத்துக்கென்று ஒதுக்கி வைத்தது எல்லாம் என் மேஜையில் அரிசியோடு கிடந்த போனுக்குள் இருந்தது. ஊரில் இருந்தபடியே தன் கைப்போனில் இதைத் தொடர்புகொண்டு எடுத்துக்கொள்ளலாம் என்று நம்பிப் போயிருக்கிறார். காலையிலிருந்து தொடர்பு கிடைக்கவில்லை.

“அந்தப் பன்னெண்டு வார்த்தை இருக்குல்ல? எழுதி வச்சிருக்கியா?”

“எழுதணும் எழுதணும்னே இருந்தேன்க்கா.”

அய்யோ, கம்ப்யூட்டரிலேயே குப்பை கொட்டின பிள்ளை! மளிகைச் சாமானுக்குச் சீட்டு எழுதுகிற ஊரில், ஒரு காகிதம், ஒரு பேனா, ஐந்து நிமிஷம் இவருக்குக் கிடைக்கவில்லையாம். அந்த நேரத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிறவரை என்ன திட்ட முடியும்? நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

போனைத் திறந்தேன். உள்ளே ஈரம் முத்து முத்தாக நின்றது. ஃபிரிட்ஜில் இருந்து எடுத்ததும் வெளிக்காற்று பட்டு வேர்த்திருக்கிறது, அந்த ஈரத்திலேயே கரன்ட்டும் பாய்ந்திருக்கிறது. பேட்டரியைக் கழற்றி மணல் டப்பாவில் போட்டேன். பேட்டரி சொருகுகிற இடம் அரித்துப் போய் உதிர்ந்தது. வெளியிலிருந்து கரன்ட் கொடுத்து எழுப்பினால் சில நிமிஷம் தாக்குப்பிடிக்கலாம். ஒரே ஒரு தடவை. அதற்கு மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. அதற்குள் காசு இருக்கிற ஆப்புக்குள் போனால் அந்தப் பன்னிரண்டு சொற்களையும் அது மறுபடி காட்டும், எழுதிவிடலாம்.

“இப்பவே ஆன் பண்ணுக்கா” என்றார் சேகர்.

“ஈரம் காயணும்.”

“அங்க ஆஸ்பத்திரில அந்தப் பொண்ணு உயிரோட மல்லாடிக்கினு கீதுக்கா!”

“அதனாலதான் சொல்றேன். ஈரத்தோட போட்டா இருக்கற ஒரு தடவையும் போயிடும்.”

இரண்டு மணி நேரம். போர்டைக் கழுவித் துடைத்து, டேபிள் லாம்ப் சூட்டில் வைத்துவிட்டு, நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வேலையிலேயே கஷ்டமான இரண்டு மணி நேரம் அதுதான். சேகர் பெஞ்சுக்கும் வாசலுக்கும் நடந்து தேய்ந்தார். மாரி நாலு தடவை கூப்பிட்டார், ஒவ்வொரு தடவையும் குரல் சின்னதாகிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு தடவையும் எனக்குப் போய் அதை ஆன் செய்துவிடலாம் என்று கை பரபரத்தது. செய்யவில்லை. நீங்களும் அந்த இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்காரப் பழக வேண்டும்.

மாரி ஒன்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். “ஸ்கிரீனப் போட்டோ மட்டும் எடுத்துராதியக்கா. போட்டோ எடுத்தா அது தானா நெட்டுல ஏறிரும். எவன் கண்ணுலயாவது பட்டுரும். பேப்பர்ல எழுதிக்கோங்க.” படிக்காதவர்கள் பயப்பட வேண்டிய இடத்தில் பயப்பட மாட்டார்கள், படித்தவர்கள் பயப்படக் கூடாத நேரத்தில்தான் பயப்படுவார்கள். இருந்தாலும் அவர் போன், அவர் காசு. நான் ஒத்துக்கொண்டேன். இன்றைக்கு என்றால் நெட்டை நிறுத்திவிட்டு ஒரு போட்டோ எடுத்துவைத்து, வேலை முடிந்ததும் அழித்திருப்பேன்.

வேறு யார் கண்ணிலும் படாமலிருக்க ஷட்டரைப் பாதி இறக்கினேன். பட்டப்பகலில் ஷட்டரை இறக்குகிறார்களே என்று எதிர் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நான் இரண்டு கையிலும் இரண்டு வயரைப் பிடித்து, போர்டில் மிளகு அளவு இரண்டு இடத்தில் அழுத்திக்கொண்டேன். ஒரு கை நழுவினாலும் அணைந்துவிடும். ஸ்கிரீனில் கை வைக்கவும் எழுதவும் சேகர்தான். அவருக்குப் பக்கத்தில் ஜாப் ஸ்லிப்பைத் திருப்பிப் போட்டு, பேனாவையும் கொடுத்திருந்தேன்.

போன் எழுந்தது. சேகர், மாரி சொல்லியிருந்த லாக் நம்பரை ஒவ்வொன்றாக அழுத்தினார். நான் சொல்லச் சொல்ல உள்ளே போனார். பன்னிரண்டு சொற்களும் மங்கலாக வந்து நின்றன. லாம்புக்கு அடியில் அவை என் பக்கம் பார்த்து இருந்தன.

“நான் படிக்கறேன், நீ எழுது” என்றேன்.

படித்தேன். எஸ்டேட்டில் பார்ட் பெயர் படித்துப் பழகிய ஆங்கிலம்தான் எனக்கு. ஏழாவது சொல்லில் மட்டும் ஒரு கணம் நாக்கு தடுக்கியது, பிறகு சொல்லிவிட்டேன். போர்டு சூடேறுவது விரலில் தெரிந்தது. பன்னிரண்டும் முடிந்தது.

அந்த அவசரத்திலும் பக்கத்து சீட்டுக்காரியை நான் மறக்கவில்லை, கவனியுங்கள். “திருப்பிச் சொல்லு” என்றேன். சேகர் காகிதத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் ஸ்கிரீனைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். பன்னிரண்டும் சரி. பன்னிரண்டாவது சொல்லுக்குத் தலையாட்டி முடிப்பதற்கும் போர்டில் ஒரு கருகல் வாசனை வருவதற்கும் சரியாக இருந்தது. ஸ்கிரீன் அணைந்தது. அணையட்டும் என்று வயரைக் கீழே வைத்துவிட்டு, கையை உதறிக்கொண்டு, அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தேன்.

மாரியைக் கூப்பிட்டோம். சேகர் படிக்கப் படிக்க அவர் தன் போனில் அடித்தார்.

“தப்புன்னு காட்டுது.”

திரும்பப் படித்தார். திரும்ப அடித்தார்.

“தப்புன்னுதான் வருது அண்ணே. ஒரு வார்த்த மாறி இருந்தாலும் ஏத்துக்கிடாது.”

நான் தப்பாகப் படித்துவிட்டேனா? போர்டு கருகிவிட்டது. திரும்பிப் பார்க்க ஸ்கிரீன் இல்லை. காகிதத்தைச் சேகர் கையிலிருந்து பிடுங்கினேன். அப்போதுதான் அதை முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

பன்னிரண்டு ஆங்கிலச் சொல்லையும் சேகர் தமிழில் எழுதியிருந்தார்.

“என்னய்யா இது!”

“இங்கிலீஷு எழுத்துக் கூட்டிதான்க்கா எனக்கு வரும். நீ கடகடன்னு சொல்லிக்கினே போற. காதுல வுழுந்தத அப்டியே எழுதினேன். நீயும் சரி சரின்னு தலையாட்டினல்ல?”

ஆட்டினேன். ஏழாவது சொல் ‘ரைட்’ என்று இருந்தது. வலது கையும் ரைட், எழுதுவதும் ரைட், வண்டியில் போவதும் சேகர் எழுத்தில் ரைட்தான். ஒன்பதாவது ‘சைட்’. பக்கமா, பார்வையா? பதினொன்றாவது ‘கார்ட்’. அட்டையா, வண்டியா? அவர் திருப்பிச் சொன்னபோது என் காதில் சரியாகத்தான் விழுந்தது, விழாமல் என்ன செய்யும்? மூன்று இடத்திலும் எழுத்துதான் வேறு, வாயில் ஒரே சத்தம். காலையில் நானே ஸ்லிப்பின் முன்பக்கத்தில் ‘நோட்’ என்று எழுதியிருந்தேன். அது நோடா நோட்டா என்று அதைப் படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? அதே ஸ்லிப்பின் பின்பக்கத்தில் அதே தப்பு. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வருஷக்கணக்காக நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த வழக்கம், காதை மட்டும் சரிபார்க்கிற வழக்கம்.

மாரியிடம் சொன்னேன். அழுகையும் பெருமூச்சுமாக ஒரு சத்தம் வந்தது. பிறகு ஐடிக்காரப் பிள்ளை ஐடிக்காரப் பிள்ளையாகப் பேச ஆரம்பித்தார். “பரவால்லக்கா. இந்த வார்த்தையெல்லாம் ஒரே ஒரு பட்டியல்ல இருந்துதான் வரும். மத்த ஒம்பதும் தெளிவா இருக்கு. இந்த மூணும்தான். ஒண்ணொண்ணாப் போட்டுப் பாப்போம். நீங்க ஸ்கிரீன்ல பாத்தது ஏதாவது ஞாபகம் இருக்கா?”

இருக்கிறதா? ஃபேனை நிறுத்தினேன். சேகரைப் பேசாமல் இருக்கச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு, அந்த மங்கல் ஸ்கிரீனைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தேன். நல்ல ஆங்கிலம் தெரிந்தவராக இருந்திருந்தால் சொல்லின் அர்த்தம்தான் மனதில் நின்றிருக்கும். எனக்கு எழுத்துதான் நின்றது. ஏழாவது சொல்லில் நாக்கு தடுக்கியதே, ஏன்?

“முதல் எழுத்து டபிள்யூ” என்றேன். “டபிள்யூவைப் பாத்து ‘வ்ரை’ன்னு சொல்ல வந்தேன். அப்புறம்தான் அது ரைட்டுன்னு தோணுச்சு.”

“சரிக்கா. அப்ப அது எழுதுற ரைட்டு. ஒம்பதாவது?”

“கொஞ்சம் நீளமா இருந்துச்சு. நடுவுல ஜி, ஹெச் ரெண்டும் சேந்து இருந்துச்சு.”

“பார்வை. பதினொண்ணு?”

பதினொன்று எனக்கு ஞாபகம் இல்லை. எவ்வளவு முட்டிப் பார்த்தும் வரவில்லை. “ரெண்டையும் போட்டுப் பாரு” என்றேன்.

அட்டையைப் போட்டார். தப்பு.

வண்டியைப் போட்டார்.

சேகர் என் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரயில் ஒன்று ஸ்டேஷனுக்குள் வந்து நின்று கிளம்பியும் போயிற்று.

“தொறந்துட்டுக்கா” என்றார் மாரி. சொல்லி முடிப்பதற்குள் அழ ஆரம்பித்துவிட்டார்.

“அழறதெல்லாம் அப்புறம். முதல்ல போய்ப் பணத்தக் கட்டு” என்று கத்தினேன். கத்தியது அவரை மட்டுமில்லை, என்னையும்தான்.

சேகர் ஸ்டூலில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்தே பேசினார். “மாவு டப்பாவயும் தூக்கிப் போட்டுட்டேன்க்கா. அதப் பாத்தாலே பயமா கீது.”

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம் என்று சேகர்தான் மறுநாள் கேனோடு வந்து சொன்னார், அந்தக் கேனுக்குக் காசு வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். சில வாரம் கழித்து மாரி மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வெள்ளானூருக்கே திரும்பி வந்தார். வேறு வீடு பார்க்கவில்லை. அதே மாடி, அதே வீட்டுக்காரர். குழந்தையைப் பார்க்க நான் அங்கே போனபோது, புதுப் போனில் புதுச் சொற்களோடு எல்லாவற்றையும் மாற்றிவிட்டதாகச் சொன்னார், அதனால்தான் பழைய சொற்களில் மூன்றை உங்களிடம் தைரியமாகச் சொல்கிறேன். மறுபடியும் போனிலேயே நோடு ஓட்டுகிறாயா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே ஆமாம் என்றார். இந்தப் பிள்ளைகளை என்ன செய்வது?

“இந்தத் தடவை எழுதினியா?” என்று கேட்டேன்.

பர்ஸைத் திறந்து காட்ட வந்தார். “என்கிட்டக் காட்டாதே!” என்று மறுபடியும் ஒரு கத்து கத்தினேன். தொட்டிலில் கிடந்த குழந்தை விழித்துக்கொண்டது.

ஆக, திருப்பிச் சொல்லச் சொல்வதை விடாதீர்கள். அதோடு நிறுத்தியும் விடாதீர்கள். காகிதத்தை வாங்கி உங்கள் கண்ணால் எழுத்து எழுத்தாகப் பாருங்கள். வாய்க்கும் காதுக்கும் ஒரே மாதிரி இருப்பது கண்ணுக்கு அப்படி இருப்பதில்லை. ஜாப் ஸ்லிப்பில் நோடு என்றால் நோடு என்றே எழுதுங்கள், ஒரு எழுத்தைச் சோம்பேறித்தனத்தில் விழுங்காதீர்கள்.

ஒன்றை மட்டும் இன்றைக்கும் என்னால் விட முடியவில்லை, நினைத்தால் எரிச்சலாகத்தான் வருகிறது. அந்தப் போனை மாரி முதன்முதலில் தொடங்கிய அன்றே பன்னிரண்டு சொற்களும் அவர் கண் முன்னால் வந்து நின்றிருக்கின்றன. பார்த்தார், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவிட்டார். அந்த வரிசையில் ஏழாவதாக நின்ற சொல்லுக்குத் தமிழில் என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

எழுது.